நடுவிலிருந்து படி

போன வாரம் தினேஷ் ஒரு வீடியோ அனுப்பினான். நான் பி.எட். படித்த கல்லூரியில் இப்போது படிக்கிறவன் அவன். பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறான். வீடியோவில் அவன் பாடிக்கொண்டே ஆடுகிறான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் கூடவே பாடி ஆடுகிறார்கள். பாட்டு முழுக்கச் செரிமான மண்டலம். உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று தாளம் தப்பாமல் இறங்குகிறது. கீழே ஏகப்பட்ட பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். கூடவே தினேஷின் குரல்செய்தி.

"எப்படிண்ணே இருக்கு? காலேஜ் மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும்ணே. பிள்ளைங்க மனசுல எடம் பிடிக்கிறது எப்படின்னு. அதுல நீங்கதான், சரவணன் சார்தான் கிங்குன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். எல்லார் வாயும் திறந்து ஒரு கண்ணிமைப்பு கழிந்த பிறகுதான் அவள் வாய் திறக்கிறது, அதுவும் பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

தினேஷ் கேட்ட கட்டுரையை என்னால் எழுத முடியாது. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன். மலரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிற பக்கத்தில் முப்பத்திரண்டு வயதுக்காரன் வந்து நிற்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு வருடம் ஆசிரியராக இருந்துவிட்டு அந்த வேலையிலிருந்து வெளியே வந்தவன் நான். திரும்பப் போகிற எண்ணம் இல்லை. அதனால் மறைத்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கல்குவாரியில் வேலை பார்த்தார்; அம்மா முந்திரிக்காட்டில். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மணி அடித்து வாத்தியார் உள்ளே வந்தாலே பயம்தான். கேள்வி கேட்பார், தெரியாது, அடி விழும். வீட்டில் போய்க் கேட்க ஆளில்லை. அதனால் நான் வாத்தியாரானால் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பயப்படக் கூடாது என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். பி.எட். இரண்டு வருடமும் சார்ட் ஒட்டுவதிலும் பாடக்குறிப்பு எழுதுவதிலும் ஓடிப்போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை கிடைத்தது இலுப்பூருக்கும் கொடும்பாளூருக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய ஒரு ஊரில். எட்டாம் வகுப்பு வரை உள்ள உதவிபெறும் பள்ளி. எனக்கு நிர்வாகமே சம்பளம் தரும் தற்காலிக இடம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தினேன்.

எப்படி நடத்தினேன் என்று சொன்னால் இன்றைக்கும் நிறையப் பேருக்குப் பிடிக்கும். இரத்த ஓட்டப் பாடம் என்றால் வகுப்புத் தரை முழுக்கச் சிவப்பு, நீலச் சாக்பீஸால் கோடு போடுவேன். நான்கு பிள்ளைகள் இதயத்தின் அறைகளாக நிற்பார்கள். மற்றவர்கள் இரத்தமாக ஓடுவார்கள். நுரையீரல் பக்கம் போனவன் மூச்சை இழுத்துக்கொண்டு சிவப்பாகத் திரும்பி வருவான். நான் கேள்வியைத் தொடங்கினால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் முடிக்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்னொன்றும் செய்தேன். தேர்வு அன்று கேள்வித்தாளைக் கொடுத்ததும் எல்லாக் கேள்விகளையும் நானே சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டுவேன். தாளைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரண்டுவிடக் கூடாதே என்றுதான். அதை நான் அன்பு என்று நினைத்தேன்.

எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பவித்ரா முதல் பெஞ்ச். நாடகம் போட்டால் அவள்தான் கதாநாயகி. ஒருமுறை சொன்னால் போதும், ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்; மற்ற பிள்ளைகள் அவள் நோட்டை வாங்கித்தான் விட்டுப்போன பாடத்தை எழுதுவார்கள். அவள் நோட்டில் 'மிக நன்று' என்று நான் போட்ட சிவப்பு மைக்கு அளவே இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் உதவித்தொகைத் தேர்வுக்கு முதல் ஆளாக அவள் பெயரைத்தான் கொடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா பாண்டியம்மாவை எழுப்பி நிற்கவைத்து, "ஒங்க மக ஒரு நா இந்த மாவட்டத்துக்கே கலெக்டரா வருவா பாருங்க" என்று சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வருடம் ஜூனில்தான் புதுத் தலைமையாசிரியர் வந்தார். சகாயமேரி டீச்சர், ஆவூர்க்காரர். ஸ்கூட்டியில் வருவார். இரண்டு முட்டியும் வலி. கைப்பையில் எப்போதும் வறுத்த கடலைப் பொட்டலம் இருக்கும்; பேசும்போது பாதியில் நிறுத்தி ஒரு கடலையைத் தோலுரித்து வாயில் போட்டுக்கொண்டு, பிறகு மீதியைச் சொல்வார். பிள்ளைகளைக் கொஞ்ச மாட்டார், திட்டவும் மாட்டார்.

அவர் வகுப்பைப் பார்வையிடுவது ஒரு தனி முறை. முன்வாசல் வழியாக வர மாட்டார். பின்கதவைத் திறந்து கடைசி பெஞ்சில் ஓர் ஓரமாக உட்காருவார். பிள்ளைகள் எழுந்தால் கையாலேயே உட்காரச் சொல்வார். குறிப்பேடு கிடையாது. நடத்துகிற ஆசிரியரைப் பார்க்கவே மாட்டார். பிள்ளைகளின் பிடரியையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் நோட்டையே வாங்கி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு வரியில் விரலை வைப்பார். "இங்கிருந்து படி." அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. பையன்கள் அவருக்குப் 'பாதிப்பக்க டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் என் இரத்த ஓட்ட வகுப்புக்கு வந்தார். நான் அன்றைக்கு உயிரைக் கொடுத்து நடத்தினேன். முடிந்ததும் அவர் அறைக்குப் போய் நின்றேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறு எதற்கு?

"நல்லா ஆடுற தம்பி. எனக்கே எந்திரிச்சு ஓடணும்போல இருந்துச்சு. முட்டிதான் விடல."

"நன்றி டீச்சர்."

"இந்த முப்பத்தோரு பிள்ளையும் தனித்தனியாப் பேசி நீ கேட்டிருக்கியா?"

"எல்லாரும் நல்லாச் சொல்லுவாங்க டீச்சர். நீங்களே பாத்தீங்களே."

"அது எல்லாரும் சேந்து சொன்னது." ஒரு கடலையை உரித்தார். "சேந்து சொல்றப்ப ஊமையும் பாடும் தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. வயதாகிவிட்டது, தன்னால் இப்படி நடத்த முடியவில்லை என்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அமிலம், காரம் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் டீச்சர். மணி அடித்ததும், "பவித்ரா, நோட்ட எடுத்துட்டு வா கண்ணு" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இன்றைக்குத் தெரியும் இவருக்கு, என்று நினைத்தேன்.

நோட்டை வாங்கிப் பார்த்து, "என்னா எழுத்துடியம்மா" என்று டீச்சரே வியந்தார். பக்கத்தின் நடுவில் விரலை வைத்தார். பவித்ரா அந்தப் பக்கத்தின் முதல் வரியிலிருந்து கடகடவென்று ஆரம்பித்தாள்.

"மேலருந்து வேணாம். இந்தா, இங்கிருந்து."

அவள் நிறுத்தினாள். மறுபடியும் முதல் வரியிலிருந்தே தொடங்கினாள். டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வரைந்திருந்தது. பவித்ராவின் கண் படத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. உடனே அந்தப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து ஒப்பித்தாள். டீச்சரின் விரல் ஆறாவது வரியில் இருந்தது. வாய் சொல்லிக்கொண்டிருந்தது முதல் வரியை.

டீச்சர் நோட்டை மூடினார். அலமாரியிலிருந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஒரு சின்னக் கதைப்புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டே வரி. "இதப் படி."

பவித்ரா புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பேன், மீதியைத் தான் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். இரண்டரை வருடமாக அவள் அப்படித்தான் காத்திருந்திருக்கிறாள்.

அப்போது நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். முப்பது பிள்ளைகள் முன்னால், "ஏய், விளையாடாத. படி" என்று அதட்டினேன். "படிக்கத் தெரியாதா ஒனக்கு? அப்ப இத்தன நாளா என்னய ஏமாத்துனியா?" என்று கத்தினேன். ஒரு பிள்ளையும் பயப்படக் கூடாது என்று வந்தவன் நான்.

ஒரு பையன் எழுந்து, "சார், அவளுக்கா தெரியாது? நாங்களே அவ நோட்டப் பாத்துத்தான் சார் எழுதுறோம்" என்றான். வகுப்பு சிரித்தது. பவித்ரா நோட்டை வாங்கிப் பையில் வைத்து, ஜிப்பை மூடினாள். சகாயமேரி டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும். வெளிய வா."

வராந்தாவில் அவர் என்னைத் திட்டவில்லை. "நீ ஏமாந்தது ஒன் பாடு தம்பி. அதுக்கு அந்தப் பிள்ளய எதுக்குக் கொல்ற?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டு போய், அலமாரியிலிருந்த பவித்ராவின் பழைய தேர்வுத்தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். ஏழாம் வகுப்புத் தாள் ஒன்றில் நான்காவது கேள்விக்கான பதில் மூன்றாவதின் கீழ் இருந்தது. ஐந்தாவதின் பதில் நான்காவதின் கீழ். பதில்கள் ஒவ்வொன்றும் நான் எழுதிப்போட்டது அப்படியே, புள்ளி முதற்கொண்டு. இடம் மட்டும் ஒன்று நகர்ந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'கவனம் தேவை!' இப்படி ஐந்து தாள்களில் நான் எழுதியிருந்தேன். கவனம் தேவை, கவனம் தேவை.

திங்கள்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பாண்டியம்மாவோடு இன்னொரு பெண்ணும் இருந்தார். அவர் பவித்ராவின் சித்தி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை.

"வாங்க சார்" என்று பாண்டியம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "பள்ளியொடத்துக்குப் போ மாட்டேங்குறா. என்னான்னு கேட்டா வாயே தொறக்கல. நீங்களாச்சும் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. பாண்டியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க சார், அவளுக்குப் படிக்கத் தெரியும். சின்னவனுக்குக் காச்ச வந்தப்ப மருந்துச் சீட்டப் பாத்து அவதான சொன்னா, இது மூணு வேள, இது ராத்திரிக்கு மட்டுமுன்னு."

மருந்துக்கடைக்காரர் ஒருமுறை வாயால் சொன்னதை அவள் அப்படியே பிடித்து வைத்திருந்திருக்கிறாள். அது புரிந்ததும் அந்த அம்மா அப்படியே சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

சித்தி சிரித்தார். "நீங்கதான சார் கலெக்டராவான்னு சொன்னது? ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு எங்கக்கா. எட்டு வருசமா எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு என்னாத்த சார் நடத்துனீங்க?"

"நீங்க சொல்றது..." என்று ஏதோ தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"தை பொறக்கட்டும், நான் எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். வயசு கேட்டா ஒண்ணு ரெண்டு கூடச் சொல்லிக்கலாம். அங்க யாரும் இவள நடுவுலருந்து படி, ஓரத்துலருந்து படின்னு கேக்க மாட்டாங்க."

பவித்ரா வீட்டுக்குப் பின்னால் அடிபம்பில் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போகவில்லை, அடித்துக்கொண்டே இருந்தாள். குடம் நிறைந்து வழிந்தது.

"எப்படிம்மா சமாளிச்ச?"

"பதில பத்துத் தடவ எழுதச் சொல்வீங்கள்ல சார். எழுத எழுத கை தானாப் போயிரும். பரிச்சயில நீங்க கேள்விய வாசிப்பீங்க. அத வரிசையா மனசுல வச்சுக்குவேன். நடுவுல ஒண்ணு மறந்துட்டா எல்லாம் தள்ளிப் போயிரும்."

"எப்பருந்து இப்படி?"

"ரெண்டாவது படிக்கையில அம்மா அப்பாகூட செங்கச் சூளைக்குப் போயிட்டேன். திரும்ப வந்தப்ப எல்லாரும் படிச்சாங்க. எனக்கு மட்டும் வெக்கமா இருந்துச்சு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் பம்பை நிறுத்தினாள். "ஒங்க க்ளாஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார். அதுல படிக்கவே வேண்டாம்ல."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். என் ஆறு வருட வேலையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் சகாயமேரி டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தானே போனார். திரும்பி வந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வர்றேன்னிருக்கா. ஆனா ஒரு கண்டிசன்."

"என்ன டீச்சர்? எதுன்னாலும் பண்றேன். சாயங்காலம் நானே உக்காந்து..."

"நீ இருக்குற எடத்துல படிக்க மாட்டாளாம்."

பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும் என்பது ஒன்றுதான் அதுவரை எனக்கு இருந்த சொத்து.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தினேஷுக்குப் பயன்படும் என்றால் இதுதான் பயன்படும். மதியம் சத்துணவு முடிந்ததும் பவித்ரா தலைமையாசிரியர் அறைக்குப் போவாள். டீச்சர் அவளுக்கு அ, ஆ சொல்லித்தரவில்லை. "அது சின்னப் பிள்ளைக்கு. இவளுக்கு ரோசம் வந்துரும்" என்றார். பவித்ராவின் தலைக்குள்தான் மூன்று வருடப் பாடம் அப்படியே இருக்கிறதே. அதிலிருந்து ஒரு வாக்கியத்தை அவளையே சொல்லச் சொல்வார். அதை அவள் கண் முன்னாலேயே பெரிய எழுத்தில் எழுதுவார். பிறகு கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப்போடுவார். அவள் அதைத் திரும்ப வரிசையாக அடுக்க வேண்டும். சொல் பிடிபட்டதும் சொல்லையும் எழுத்து எழுத்தாக வெட்டுவார். தன் வாயிலிருந்து வந்ததையே அவள் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும். தப்பினால் டீச்சர் சரி சொல்ல மாட்டார். கடலை உரித்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு சில சமயம் ஐந்து நிமிடம்கூட நீளும் என்றார்.

என் வேலை, வெட்டுவதற்கான அட்டைகளை எழுதித் தருவது. அவள் அன்று சொன்ன வாக்கியங்களை டீச்சர் ஒரு தாளில் குறித்துக் கொடுப்பார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நான் எழுதுவேன். பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டரை வருடம் நான் சொல்ல அவள் எழுதினாள். இப்போது அவள் சொல்வதை நான் எழுதினேன்.

டிசம்பருக்குள் நான் இன்னொன்றையும் செய்தேன். தினமும் மூன்று பிள்ளைகளைத் தனித்தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, தெரியாத பக்கத்தைக் கொடுத்து நடுவிலிருந்து படிக்கச் சொன்னேன். முப்பது பேரில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அதில் ஒருவன் வகுப்புத் தலைவன். இந்த நான்கு பேரும் கூட்டத்தோடு எவ்வளவு கணீரென்று பதில் சொல்வார்கள் தெரியுமா? பட்டியலை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சோட முடிஞ்சுச்சேன்னு நெனச்சுக்க" என்றார்.

அதன்பிறகு என் வகுப்பு மாறிவிட்டது. பாதி நேரம்தான் ஆட்டம். மீதி நேரம் ஒவ்வொருவரும் தானாகப் படித்து, தானாக இரண்டு வரி எழுத வேண்டும். கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவதை நிறுத்தினேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை.

"சார், ஒடம்பு சரியில்லையா?"

"சார், ஒங்களுக்குக் கல்யாணம் நின்னுபோச்சாமே, அதான் டல்லா இருக்கீங்களா?"

"நீங்களும் பாதிப்பக்கமாயிட்டீங்க சார்."

அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. வகுப்பில் சத்தமும் குறைந்தது. பழைய சிரிப்புக்காக நான் ஏங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பொங்கல் முடிந்து சித்தி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் பை, வாசலில் ஆட்டோ. பாண்டியம்மா பின்னால் நின்றார். டீச்சர் வாதாடவில்லை; பவித்ராவைக் கூப்பிட்டார். என் வகுப்புக்கு எதிரேதான் அந்த வராந்தா. நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"கெளம்புடி. மூணு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் திருச்சியில எடம் கெடைக்கும்" என்றார் சித்தி.

"இப்ப வரல சித்தி."

"ஏன்?"

"பாதிதான் வந்துருக்கு. பெரிய சொல்லெல்லாம் இன்னும் முட்டுது."

"வந்து என்னாத்தடி பண்ணப் போற? கலெக்டராவா?"

"கலெக்டரு ஒண்ணும் வேணாம். படிக்கணும்."

சித்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பாண்டியம்மா அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ போயிட்டு வா தங்கச்சி. அவ இருக்கட்டும்" என்றார். ஆட்டோ காலியாகத் திரும்பியது. டீச்சர் என் பக்கம் பார்த்து, "என்ன வேடிக்க? க்ளாஸ நடத்து" என்றார்.

உதவித்தொகைத் தேர்வை அவள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்த வருடம் அது அவளுக்கு எட்டியிருக்காது. எட்டாம் வகுப்பு முடிந்து இலுப்பூரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். போகும்போது டீச்சரிடம் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் வரவில்லை. அடுத்த வருடம் என் இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வந்தார், நான் விலகினேன். வேறு பள்ளியில் கேட்டார்கள். 'ஜாலியா நடத்துவீங்களாமே' என்று அந்த நிர்வாகி கேட்டதும், போகவில்லை.

தம்பி தினேஷ், பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பாடு. பாடி முடித்ததும் அந்த மூன்றாவது வரிசைப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவை. மற்றவர்கள் கேட்காத இடத்தில். அங்கே உன்னை ஒருவரும் படம் பிடிக்க மாட்டார்கள். ஆசிரியர் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்கு ஐந்தாவது வருடத்தில் தெரிந்தது. உனக்கு முதல் வருடத்திலேயே தெரியட்டும்.

இப்போது நான் இலுப்பூரில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போட வருவார்கள். விவரம் கேட்டு, தட்டச்சு செய்து, தாளை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி இணையத்தில் ஏற்றுவோம். ஜூன் மாதம் என்றால் வாசல் வரை வரிசை நிற்கும்.

இந்த ஜூனில் ஒரு நாள் காலை அந்த வரிசையில் பாண்டியம்மா வந்தார். கூடவே பவித்ரா. நன்றாக வளர்ந்திருந்தாள். பதினோராம் வகுப்பில் சேர இருப்பிடச் சான்று வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் இருவருக்கும் திகைப்பு. "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார் பாண்டியம்மா. நான் வேகமாக விவரங்களை அடித்தேன். உறுதிமொழித் தாள் இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. பேனாவையும் சேர்த்துப் பாண்டியம்மாவிடம் நீட்டி, "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்றேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வார்த்தை.

பாண்டியம்மா பேனாவை வாங்கிக் குனிந்தார். பவித்ரா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரும்மா. நான் படிச்சுட்டுச் சொல்றேன், அப்பறம் போடு."

தாளை எடுத்துக்கொண்டு வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். முதல் வரியிலிருந்து தொடங்கினாள். மெதுவாகத்தான் படித்தாள்.

வரிசையில் ஒருவர் பொறுமையிழந்தார். "ஏம்மா, சாரு அடிச்சதுதானம்மா, போட்டுட்டு நகரு. பின்னாடி எத்தன பேரு நிக்கிறோம்!"

"சாரு அடிச்சதுதான். நாங்கள்ல கையெழுத்துப் போடுறோம்" என்றாள் அவள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

வரிசை முணுமுணுத்தது. நான் அந்தத் தாளை ஒரு வரிகூடப் படிக்காமல்தான் அவர்களிடம் நீட்டியிருந்தேன். அதை அப்போதுதான் உணர்ந்தேன். அவள் பக்கத்தைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தையும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு அம்மாவிடம் போய் அதில் என்ன இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாண்டியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.